உதடு பாட்டோடு ஒட்டும், உலகம் வேறு வேகத்தில் ஓடும்: இசைக் காணொளிகளில் நேரம் கையாளப்படும் விதம்

விடியும் வேளையில், மழை தூறும் கடற்கரை மணலில் ஓர் இளைஞர் பாடியபடி நடந்து வருகிறார். அலைகள் நிதானமாக எழுந்து, இன்னும் நிதானமாகச் சரிகின்றன. நனைந்த மேலாடை படபடக்காமல் மிதப்பதுபோல் அசைகிறது. சுற்றியுள்ள எல்லாமே பாதி வேகத்தில் நகர்ந்தாலும், அவருடைய உதடுகள் மட்டும் பாட்டின் ஒவ்வொரு சொல்லோடும் பிசகாமல் பொருந்துகின்றன. கோல்ட்பிளே குழுவின் 'யெல்லோ' பாடலுக்காக 2000-இல் இங்கிலாந்தின் ஸ்டட்லண்ட் விரிகுடாவில் எடுக்கப்பட்ட காட்சி இது. படம் மெதுவாக ஓடினால் உதடும் மெதுவாகத்தானே அசைய வேண்டும் என்ற கேள்வி பார்ப்பவருக்கு எழுவது இயல்பு. உதட்டை மட்டும் தனியாகக் கணினியில் திருத்தியிருப்பார்கள் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் இதற்குக் கணினி தேவையே இல்லை; ஒரு வகுத்தல் கணக்கும், வேகமாகப் பாடும் பயிற்சியும் போதும்.

அந்தக் கணக்கு புரிந்துவிட்டால், கடந்த அரை நூற்றாண்டில் வியப்போடு பேசப்பட்ட இசைக் காணொளிகளில் பலவும் எப்படி உருவாயின என்பதும் புரிந்துவிடும். வெளித்தோற்றத்தில் அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றாலும், பாட்டின் நேரத்தை மாற்ற முடியாது, ஆகவே படத்தின் நேரத்தை வளை என்ற ஒரே நெருக்கடிக்குக் கிடைத்த வெவ்வேறு விடைகளே அவை.

பாட்டு முதலில், படம் பிறகு

திரைப்படத்தின் வசனக் காட்சியில் நடிகர் பேசுவதை ஒட்டி ஒலி பதிவாகிறது. அல்லது படப்பிடிப்பு முடிந்த பின் டப்பிங்கில் படத்துக்கேற்ப ஒலி சேர்க்கப்படுகிறது. இசைக் காணொளியில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. இயக்குநரின் கைக்கு வரும்போதே பாட்டு முழுமையாக முடிந்திருக்கும். அதன் நீளத்தில் ஒரு நொடியைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு வழக்கமாக இடமில்லை. ஜான் லாண்டிஸ் 1983-இல் இயக்கிய 'திரில்லர்' போல, பாட்டைப் பிரித்து இடையில் கதையையும் வசனத்தையும் நுழைத்து ஏறத்தாழ 14 நிமிடங்களுக்கு நீட்டிய படைப்புகள் விதிவிலக்கு.

மேலே செல்வதற்கு முன் நான்கு சொற்களின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

1. பிளேபேக்: பதிவான பாட்டைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிபெருக்கியில் ஒலிக்கவிடுவது. அந்த ஒலி காணொளியில் சேராது. பாடுபவருக்கும் ஆடுபவருக்கும் அது வழிகாட்டி மட்டுமே.
2. வாயசைப்பு: பிளேபேக்கைக் கேட்டு, அதற்கு ஏற்ப உதடசைப்பது. திரைப்படப் பாடல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.
3. ஃபிரேம்: அசையும் படத்தின் ஒரு தனிப் படம். திரைப்படத்தில் நொடிக்கு 24 ஃபிரேம்கள் வழக்கம். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் 25.
4. டேக்: ஒரு காட்சியை ஒருமுறை எடுத்துப் பார்க்கும் முயற்சி.

பிளேபேக்கை இயல்பான வேகத்தில் ஓடவிட்டுப் படம்பிடிப்பதே எளிய வழி. குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' காணொளி அப்படித்தான் எடுக்கப்பட்டது. 1975 நவம்பர் 10 அன்று எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு வளாகத்தில், புரூஸ் கவர்ஸ் இயக்கத்தில், வீடியோ நாடாவில், சுமார் 4 மணி நேரத்தில் படப்பிடிப்பு முடிந்துவிட்டது. செலவு ஏறத்தாழ 4,500 பவுண்டு. ஒரே முகம் பலவாகத் தெரியும் இடங்களுக்கு, லென்ஸின் முன் பட்டை தீட்டிய கண்ணாடி வைக்கப்பட்டது. ஒரு முகம் வரிசையாகப் பின்னோக்கிச் சென்று மறையும் இடத்தில் கேமரா, தான் எடுக்கும் படத்தையே காட்டும் திரையை நோக்கித் திருப்பப்பட்டது. கேமரா திரையைப் பார்க்க, திரை கேமரா கண்டதைக் காட்ட, எதிரெதிரே வைத்த இரு நிலைக்கண்ணாடிகளைப் போலப் பிம்பத்துக்குள் பிம்பம் பிறந்தது. எல்லாம் கேமராவின் முன்னாலேயே நிகழ்ந்தவை.

நேரக் கணக்கு

எத்தனை ஃபிரேம் வேகத்தில் எடுக்கிறோமோ அதை, எத்தனை ஃபிரேம் வேகத்தில் காட்டப்போகிறோமோ அதனால் வகுத்தால் கிடைக்கும் எண்தான் பிளேபேக்கின் வேகம். இதை விரித்துப் பார்த்தால் ஐந்து நிலைகள் கிடைக்கின்றன.

1. 24-இல் எடுத்து 24-இல் காட்டினால் விடை 1. பாட்டை அப்படியே ஒலிக்கவிடலாம்.
2. 48-இல் எடுத்து 24-இல் காட்டினால் விடை 2. தளத்தில் பாட்டு இருமடங்கு வேகத்தில் ஒலிக்க வேண்டும். 4 நிமிடப் பாட்டு 2 நிமிடத்தில் முடிந்துவிடும். திரையில் உதடு இயல்பாகவும் மற்றவை மெதுவாகவும் தெரியும்.
3. 12-இல் எடுத்து 24-இல் காட்டினால் விடை அரை. பாட்டு பாதி வேகத்தில் ஒலிக்கும். திரையில் உதடு இயல்பாகவும் உலகம் பரபரப்பாகவும் தெரியும்.
4. பின்னிருந்து முன்னாகக் காட்டப் போவதாக இருந்தால், பாட்டும் பின்னிருந்து முன்னாக ஒலிக்க வேண்டும்.
5. ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி நிறுத்தி எடுத்தால் பாட்டை ஒலிக்கவிடவே முடியாது. அதை எண்ணிக்கையாக மாற்றித் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். 4 நிமிடப் பாட்டு என்றால் நொடிக்கு 24 வீதம் 5,760 ஃபிரேம்கள்.

'யெல்லோ' இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25-இல் காட்டியதால், பாடகர் கிறிஸ் மார்ட்டின் மணலில் நடந்தபடியே தம் பாட்டை இருமடங்கு வேகத்தில் பாட வேண்டியிருந்தது. 1983-இல் தி போலீஸ் குழுவின் 'ராப்ட் அரவுண்ட் யுவர் ஃபிங்கர்' காணொளியில் இயக்குநர்கள் காட்லி, கிரீம் இருவரும் இதே உத்தியைத்தான் மெழுகுவர்த்திகளின் நடுவே பயன்படுத்தினர். சுடரின் அசைவு தாழ்ந்து, கனவில் நடப்பதுபோன்ற தோற்றம் கிடைத்ததற்கு அதுவே காரணம்.

இந்த உத்தியின் அழகு, அது பாடுபவரின் முகத்தில் கொண்டுவரும் மாற்றத்தில்தான் இருக்கிறது. இருமடங்கு வேகத்தில் பாடும்போது தாடையும் கன்னமும் வழக்கத்துக்கு மீறி உழைக்கின்றன. அதை மெதுவாக்கிப் பார்க்கையில் உதடு சரியாகவே இருந்தாலும் கண்ணிமைப்பு நீள்கிறது, தலையின் திருப்பம் கனக்கிறது. இவர் நம்முடைய நேரத்தில் வாழவில்லை என்ற உணர்வு அங்கிருந்துதான் பிறக்கிறது. உதட்டை மட்டும் கணினியில் ஒட்டியிருந்தால் இது கிடைத்திருக்காது.

27 நொடிக்குள் 21 நொடிப் பாட்டு

மூன்றாம் வகைக்கு மிகத் துல்லியமான எடுத்துக்காட்டு, ஓகே கோ குழு 2016-இல் வெளியிட்ட 'அப்சைட் டவுன் அண்ட் இன்சைட் அவுட்'. இதில் நால்வரும் ஒரு விமானத்துக்குள் எடையின்றி மிதக்கிறார்கள். பந்துகளும் வண்ணக்குழம்பும் அவர்களோடு மிதக்கின்றன. கம்பிகளும் இல்லை, கணினி உருவாக்கிய மிதப்பும் இல்லை. ரஷ்யாவில் இல்-76 வகை விமானத்தில் உண்மையாகவே எடுக்கப்பட்ட படம் இது.

விமானத்துக்குள் எடையின்மை எப்படிக் கிடைக்கிறது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. விமானம் புவியீர்ப்பைத் தாண்டிச் செல்வதில்லை. சாய்வாக மேலேறி, பின் எறியப்பட்ட கல்லைப் போன்ற வளைவுப் பாதையில் செல்கிறது. அந்தப் பாதையில் விமானமும் அதற்குள் இருப்பவர்களும் ஒரே வேகத்தில் விழுகிறார்கள். தரையும் அவர்களோடு சேர்ந்தே விழுவதால் அது அவர்களைத் தாங்குவதில்லை, அவர்கள் மிதக்கிறார்கள். இந்த நிலை சுமார் 27 நொடிகளே நீடிக்கும். பிறகு விமானம் கீழிறக்கத்திலிருந்து மீண்டு எழும்போது எடை இருமடங்காக அழுத்தும். அடுத்த வளைவுக்குச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

பாட்டு அதற்காகக் காத்திருக்காது. ஆகவே குழுவினர் இரண்டு முடிவுகளை எடுத்தனர்.

1. அடுத்தடுத்த 8 வளைவுகளை, கேமராவை நிறுத்தாமல், ஒரே ஓட்டமாக எடுப்பது. சுமார் 45 நிமிடம் நீளும் அந்த ஓட்டத்தில் எடையுள்ள பகுதிகளை மட்டும் பின்னர் நீக்கிவிடுவது.
2. தளத்தில் பாட்டை மெதுவாக ஒலிக்கவிட்டு, 27 நொடியில் பாட்டின் 21 நொடிப் பகுதியை மட்டும் நடித்து முடிப்பது. பிறகு படத்தை அதே விகிதத்தில் விரைவுபடுத்துவது.

எனவே ஒவ்வொரு 21 நொடியின் முடிவிலும் அனைவரும் ஏதேனும் ஓர் இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். எடை திரும்பி, சில நிமிடம் கழித்து மீண்டும் நீங்கும்போது அதே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். காணொளியை மறுபடி பார்ப்பவர்கள் அந்த இடங்களை எளிதில் கண்டுகொள்ளலாம்: நடனத்தின் நடுவே நால்வரும் காரணமின்றி இருக்கையிலோ தரையிலோ ஒரு கணம் ஒடுங்குவார்கள். நீக்கப்பட்ட நிமிடங்கள் அங்கேதான் மறைந்திருக்கின்றன.

பின்னோக்கிப் பாடுதல்

கோல்ட்பிளேயின் 'தி சயன்டிஸ்ட்' (2002) காணொளியில் நிகழ்ச்சிகள் அனைத்தும் பின்னோக்கி ஓட, பாடகரின் வாய் மட்டும் முன்னோக்கிப் பாடுகிறது. இயக்குநர் ஜேமி திரேவ்ஸ். படப்பிடிப்பின்போது எல்லாமே இயல்பாக முன்னோக்கித்தான் நடந்தன. பாட்டு மட்டுமே தலைகீழாகப் பாடப்பட்டது. அதைக் கற்றுக்கொள்ள மார்ட்டினுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது.

தலைகீழாகப் பாடுவது எழுத்துகளைத் திருப்பிப் போடுவது அல்ல, ஒலிகளைத் திருப்பிப் போடுவது. 'பாடல்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகத் திருப்பினால் 'ல்டபா' என்று வாயில் நுழையாத ஒன்று வரும். அதை ஒலிகளாகப் பிரித்தால் ப், ஆ, ட், அ, ல். இவற்றைத் திருப்பினால் ல், அ, ட், ஆ, ப், அதாவது 'லடாப்'. பாடகர் 'லடாப்' என்று உச்சரித்ததைப் பின்னோக்கி ஓட்டினால் அவர் 'பாடல்' என்று சொன்னதாகவே திரையில் தெரியும். இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: ப் என்னும் ஒலிக்கு உதடு மூடித் திறக்கும் நொடிதான் வாயசைப்பில் கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரிவது, அது ஓரிரு ஃபிரேம் விலகினால்கூட ஏமாற்று வெளிப்பட்டுவிடும். ஆகவே மனப்பாடம் மட்டும் போதாது, தாளத்தில் அது விழும் இடமும் தலைகீழாகப் பதிய வேண்டும். 1990-களின் நடுவில் ஃபார்சைடு குழுவின் 'டிராப்' காணொளியை இதே முறையில் எடுத்த ஸ்பைக் ஜோன்ஸ், வரிகளைத் தலைகீழ் ஒலிகளாக எழுதித்தர ஒரு மொழியியலாளரின் உதவியை நாடியதற்கு இதுதான் காரணம்.

ஃபிரேம் ஃபிரேமாக

பீட்டர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாம்மர்' (1986) காணொளியில் பாடகரே ஒரு பொம்மையைப் போல நடத்தப்பட்டார். இயக்கியவர் ஸ்டீபன் ஜான்சன். அசைவூட்டத்தில் பிரிஸ்டலின் ஆர்ட்மன் நிறுவனமும் குவே சகோதரர்களும் பங்குகொண்டனர். ஒரு படம் எடுப்பது, பாடகர் முகத்தையும் சுற்றியுள்ள பொருள்களையும் சற்றே மாற்றுவது, அடுத்த படம் எடுப்பது என்பதே முறை. ஒரு சொல்லின் நெடிலுக்கு எத்தனை ஃபிரேம் வாய் திறந்திருக்க வேண்டும், எந்த ஃபிரேமில் உதடு மூட வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே எண்ணி எழுதப்பட்டால்தான் இந்த முறையில் வாயசைப்பு அமையும். கேப்ரியல் ஒரு கண்ணாடிப் பலகையின் கீழ் 16 மணி நேரம் படுத்திருந்தார். திரையில் சில நொடிகளில் கடந்துபோகும் ஒரு புன்னகைக்குப் பின்னால் ஒரு பகற்பொழுதின் அசையாமை இருக்கிறது என்பதை அறிந்து பார்க்கும்போது அந்தக் காணொளி மேலும் மதிப்புப் பெறுகிறது. 1987-இல் எம்டிவி காணொளி விருதுகளில் அது 9 விருதுகளை வென்றது.

ஆ-ஹாவின் 'டேக் ஆன் மீ' (1985) பெரும்பாலும் இதோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஆனால் அதன் வழி வேறு. இயக்குநர் ஸ்டீவ் பாரன் முதலில் நடிகர்களை வைத்து வழக்கமான முறையில் படம்பிடித்தார். பிறகு மைக்கேல் பேட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர் இருவரும் அந்தப் படத்தின் ஃபிரேம்களைத் தாளில் ஒற்றி, பென்சிலால் வரைந்தனர்: ஏறத்தாழ 3,000 ஃபிரேம்கள், 16 வாரங்கள். ரோட்டோஸ்கோப் என்று அழைக்கப்படும் இம்முறைக்கு மாக்ஸ் ஃபிளைஷர் 1915-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். இங்கே வாயசைப்புக்குத் தனிக்கணக்கு தேவைப்படவில்லை. பாடகர் பிளேபேக்கைக் கேட்டுப் பாடியதே கோடுகளுக்குள் இறங்கிவிட்டது. ஒரு ஃபிரேமின் கோடு அடுத்த ஃபிரேமின் கோட்டோடு மயிரிழையும் பிசகாமல் பொருந்துவது கைவேலையில் இயலாது. அந்தப் பிசகே உருவங்களுக்கு ஓயாத ஒரு நடுக்கத்தைத் தருகிறது. அந்த நடுக்கத்தை அழித்துச் சீராக்கியிருந்தால், காகிதத்திலிருந்து நீளும் அந்தக் கைக்கு உயிர் இருந்திருக்காது.

வெட்டே இல்லாத ஒரே ஷாட்

காட்சியை வெட்டி ஒட்டும் வசதியே படத்தின் நேரத்தை வளைக்கும் மிகப் பழைய கருவி. அதை வேண்டாம் என்று ஒதுக்கினால், பாட்டின் முழு நீளத்துக்கும் உண்மை நேரத்திலேயே எல்லாம் சரியாக நிகழ வேண்டும். 2006-இல் ஓகே கோ குழுவினர் 8 ட்ரெட்மில்களின் மேல் ஆடிய 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்', நிலையாக நிறுத்திய ஒரே கேமராவில் எடுக்கப்பட்டது. அதற்கு 17 டேக்குகள் ஆயின.

2010-இல் அதே குழு 'திஸ் டூ ஷல் பாஸ்' பாடலுக்காக, சின் லேப்ஸ் என்ற பொறியாளர் குழுவோடு சேர்ந்து, இரண்டு தளங்கள் கொண்ட கிடங்கில் ஒரு தொடர்வினை எந்திரத்தை அமைத்தது. ஒரு டாமினோ கட்டை சாய்வதில் தொடங்கி, பந்து உருண்டு, நெம்புகோல் தட்டி, பெரிய பொருள்கள் விழுந்து நொறுங்குவது வரை அனைத்தும் பாட்டின் தாளத்தோடு சேர்ந்து நிகழ வேண்டும். இரண்டு நாள்களில் 60-க்கும் மேற்பட்ட டேக்குகள் தேவைப்பட்டன. சிறிய பொருள்களை எந்திரத்தின் தொடக்கத்திலும் பெரியவற்றை இறுதியிலும் வைத்தது வெறும் காட்சிக் கவர்ச்சிக்காக அல்ல. தூசியோ ஈரமோ சற்றே கூடினாலும் சிறிய கட்டைகளும் கோலிகளும் பிழைசெய்யும். பெரிய பொருள்கள் அவ்வளவு எளிதில் பிழைசெய்யா. ஆனால் அவற்றை மீண்டும் அடுக்கி வைக்க மிகுந்த நேரம் பிடிக்கும். பிழை நேர்வதானால் தொடக்கத்திலேயே நேர்ந்துவிடட்டும் என்ற பொறியியல் சிந்தனை, இசை தணிவாகத் தொடங்கி உச்சம் ஏறுவதோடும் இயல்பாகப் பொருந்திக்கொண்டது.

ஒரே ஷாட் போலத் தோன்றுபவை அனைத்தும் ஒரே ஷாட் அல்ல. ஜமிரோக்வாயின் 'வர்ச்சுவல் இன்சானிட்டி' (1996) காணொளியில் பாடகர் நகரும் தரையில் வழுக்கிச் செல்வதாகத் தோன்றுகிறது. இயக்குநர் ஜோனதன் கிளேசர் தரையைத் தொடவேயில்லை, நகர்ந்தவை சுவர்கள். கேமராவும் சுவர்களோடு இணைந்தே நகர்ந்ததால், அதன் பார்வையில் சுவர்கள் அசையாதவையாகவும் தரை ஓடுவதாகவும் தெரிந்தது. ரயில் பெட்டிக்குள் அமர்ந்திருப்பவருக்கு மரங்கள் பின்னோக்கி ஓடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கேமரா சில இடங்களில் கூரையையோ தரையையோ நோக்கித் திரும்பி, மீண்டும் நிமிரும்போது அறை முற்றிலும் மாறியிருக்கும். இணைப்புகள் அங்கே இருக்கின்றன.

மிஷேல் கோன்ட்ரி 2002-இல் கைலி மினோக்குக்காக எடுத்த 'கம் இன்டு மை வேர்ல்டு' காணொளியோ, ஒரே பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்றும் ஷாட். கணினி கட்டுப்படுத்தும் கேமரா ஒவ்வொரு சுற்றிலும் இம்மி பிசகாமல் அதே வழியில் செல்வதால், முந்தைய சுற்றுகளில் எடுத்த படத்தை அதன் மேல் அடுக்க முடிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தெருவில் இன்னொரு கைலி கூடுகிறார். தெருவில் செல்பவர்களும் அவ்வாறே பெருகுகிறார்கள். கடந்துபோன நேரம் கலைந்துபோகாமல் தெருவிலேயே தேங்கி நிற்பதுபோல் இருக்கிறது.

கேமராவே இல்லாதபோது

'யெல்லோ', 'திஸ் டூ ஷல் பாஸ்' இரண்டின் இயக்கத்திலும் பங்கேற்ற ஜேம்ஸ் ஃபிராஸ்ட், ரேடியோஹெட் குழுவின் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' (2008) காணொளியைக் கேமராவே இன்றி உருவாக்கினார். சுழலும் 64 லேசர்கள் கொண்ட லைடார் கருவி, தெருக்களும் கட்டடங்களும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளந்தது. பாடகரின் முகத்தை, கோடுகளாக ஒளி வீசி அளக்கும் மற்றொரு கருவி பதிவுசெய்தது. கிடைத்தவை படங்கள் அல்ல, புள்ளிகளின் இருப்பிடங்கள் மட்டுமே. புள்ளிகள் சிதறி உடையும் இடங்களுக்காக, கருவியின் முன்னால் நீரும் கண்ணாடித் துண்டுகளும் காட்டப்பட்டு, அளவீடு வேண்டுமென்றே குலைக்கப்பட்டது. தரவுகளை எவரும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் வெளியிட்டதால், அதே முகத்தை வேறு கோணத்தில், வேறு வேகத்தில் காட்டும் வாய்ப்பு பார்வையாளர்களுக்கும் கிடைத்தது.

4.2 நொடியில் ஒரு பாட்டு

இந்த நேரக் கணக்கின் கடைக்கோடியில் நிற்பது, ஓகே கோ 2016-இல் வெளியிட்ட 'தி ஒன் மோமென்ட்'. வண்ணக்குழம்பு நிறைந்த பைகள் வெடிப்பது, கித்தார்கள் சிதறுவது போன்ற நூற்றுக்கணக்கான நிகழ்வுகள் அதில் உண்மை நேரத்தில் வெறும் 4.2 நொடிகளில் நடந்து முடிந்தவை. அதிவேகக் கேமராக்களில் எடுத்து, பாட்டின் பெரும்பகுதிக்கு அவை நீட்டப்பட்டன. 'யெல்லோ'வின் விதியை இங்கே பொருத்திப் பார்த்தால் வழி அடைபடுகிறது. படம் இருமடங்கு மெதுவாகும்போது பாடகர் இருமடங்கு வேகத்தில் பாடலாம். ஆனால் நூறு மடங்குக்கு மேல் மெதுவாகும் படத்துக்கு ஏற்ப எந்த மனிதராலும் உதடசைக்க முடியாது.

அதற்குக் குழுவினர் கண்ட வழி, குழந்தைகள் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் படம் வரைந்து விரலால் புரட்டி விளையாடும் உத்தி. பாடும் முகத்தின் படங்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்டுச் சிறு புத்தகங்களாகக் கட்டி, கேமராவின் முன்னே விசையோடு புரட்டினார்கள். மனித உதட்டால் எட்ட முடியாத வேகத்தைக் காகிதம் எட்டியது. சுற்றிலும் எல்லாம் மிக மெதுவாகச் சிதறிக்கொண்டிருக்க, புரளும் பக்கங்களில் அந்த முகம் பாட்டின் இயல்பான வேகத்தில் பாடிக்கொண்டே இருக்கிறது.